கற்பனை எண்ணும் களப்பின் இரு கரையும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்கே, கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடும் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் திசையும் படும் திசையுமே இரு கரைகளுக்கும் பெயராயின. எழுவான்கரையின் ஊர்களை ஒரே நெடுவீதி கோத்துச் செல்கின்றது. காத்தான்குடி, அதற்குத் தெற்கே ஆரையம்பதி, இன்னும் தெற்கே களுவாஞ்சிக்குடி என்று, வீதியில் நாட்டிய கல்லிலுள்ள ஓர் எண்ணைக் கொண்டே ஓர் ஊரின் இருப்பிடத்தைச் சொல்லிவிடலாம். ஆயின், கொக்கட்டிச்சோலை எங்கே என்று ஒருவர் வினவின், அவ்வீதியின் எந்தக் கல்லும் விடை தராது. நீரைக் குறுக்கே கடந்தாலன்றி அவ்வூரை அடைதல் அரிது. வீதியில் இல்லை என்பதனால் கொக்கட்டிச்சோலை உலகிலேயே இல்லை என்று எவரும் கூறுவதில்லை. கணிதத்தின் வரலாற்றிலோ ஏறக்குறைய இத்தகைய ஒரு கூற்று நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது.

எந்த எண்ணைத் தன்னாற் பெருக்கினாலும் மறை எண் வருவதில்லை. இரண்டை இரண்டாற் பெருக்கின் நான்கு. மறை இரண்டை மறை இரண்டாற் பெருக்கினும் நான்கே. ஆதலின் மறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று, கணித சார சங்கிரகம் இயற்றிய மகாவீரர் 9 ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அக்கூற்றிற் பிழையில்லை. வீதியின் மேல் நின்று தேடுவோருக்கு அது வீதியில் இல்லைதான்.

1545 இல் இத்தாலியரான கார்டானோ, பத்தை இரு பகுதிகளாகப் பிரித்து, அப்பகுதிகளின் பெருக்கம் நாற்பது ஆகுமாறு செய்க என்றொரு கணக்கை எடுத்துக்கொண்டார். மறை பதினைந்தின் வர்க்கமூலத்தை ஐந்தோடு கூட்டியும் ஐந்திலிருந்து கழித்தும் அவர் விடை கண்டார். கண்ட விடை நுட்பமானது, ஆயினும் பயனற்றது என்று தாமே தீர்ப்பும் கூறினார். 1572 இல் நூல் வெளியிட்ட பொம்பெல்லி அவ்வளவில் நின்றுவிடவில்லை. ஓர் எண்ணின் கனம் அவ்வெண்ணின் பதினைந்து மடங்கோடு நான்கைக் கூட்டியதற்குச் சமம் எனின், அவ்வெண் யாது என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. விடை நான்கு என்பதைச் சிறுவரும் சரிபார்க்கலாம்: நான்கின் கனம் 64, அறுபதும் நான்கும் 64. ஆனால் அக்காலத்து அறியப்பட்ட முறையின் வழியே சென்றால், மறை 121 இன் வர்க்கமூலம் வழியில் குறுக்கிட்டது. பொம்பெல்லி அதனைக் கண்டு திரும்பவில்லை. இல்லாததெனப்பட்ட எண்ணை இருப்பதாகவே கொண்டு கூட்டினார், பெருக்கினார். முடிவில் அது தானே நீங்கி, நான்கு என்னும் மெய்யான விடை எஞ்சியது. வீதியில் புறப்பட்டு, களப்பினுள் இறங்கிச் சென்று, மீண்டும் வீதியிலேயே கரையேறிய பயணம் அது.

ஆயினும் பெயர் வேறுவிதமாக அமைந்துவிட்டது. 1637 இல் தேக்கார்த் இவ்வகை மூலங்களைக் கற்பனையானவை என்று குறித்தார். அவர் அச்சொல்லைப் பாராட்டாக ஆளவில்லை. அச்சொல் நிலைத்தது. ஒயிலர் 1777 இல் அதற்கு ‘ஐ’ என்னும் எழுத்தைக் குறியீடாக்கினார். நோர்வேயிற் பிறந்த நிலவளவையாளர் வெசெல் 1797 இலும், ஆகன் 1806 இலும் அதனைத் தளத்தில் ஒரு திசையாக வரைந்து காட்டினர். அதன் பின்னரும் கற்பனை என்ற பெயர் மாறவில்லை. 1831 இல் காவுசு இதுபற்றி எழுதியது ஈண்டு நோக்கற்பாலது. நேர் ஒன்று, மறை ஒன்று, மறை ஒன்றின் வர்க்கமூலம் ஆகிய மூன்றையும் நேரலகு, எதிரலகு, பக்கவலகு என்று பெயரிட்டிருந்தால், இப்பொருளைச் சூழ்ந்த இருள் எழுந்தேயிராது என்பது அவர் கருத்து. பெயரே இருளுக்குக் காரணம் என்று ஒரு பெருங்கணிதர் வெளிப்படையாகக் கூறியது அரிய நிகழ்ச்சி எனலாம்.

காவுசின் கருத்தைக் களப்பின் கரையில் நின்று விளங்கிக்கொள்வது எளிது. களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பை நோக்கி வடக்கே நடக்கும் ஒருவரைக் கருதுக. மறை ஒன்றாற் பெருக்குதல் என்பது அவரை அப்படியே திருப்பி, வந்த வழியே தெற்கு நோக்கி நிறுத்துவதாகும். அது அரைச் சுற்று. இனி, இருமுறை செய்தால் அரைச் சுற்றாகும் செயல் யாது? காற் சுற்றே அது. வடக்கு நோக்கி நிற்பவர் இடப்பக்கம் காற் சுற்றுத் திரும்பினால் அவர் எதிரே களப்பு, அப்பாற் படுவான்கரை. இன்னொரு காற் சுற்றுத் திரும்பினால் தெற்கு. மறை ஒன்றின் வர்க்கமூலம் என்பது அந்த இடப்பக்கக் காற் சுற்றேயாகும். வலப்பக்கம் திரும்பினால் கடல். அவ்வாறு இருமுறை திரும்பினாலும் தெற்கே. ஆதலின் மறை ஒன்றுக்கு வர்க்கமூலங்கள் இரண்டு: ஒன்று களப்பை நோக்கியது, மற்றையது கடலை நோக்கியது. இவற்றுள் எதுவும் கற்பனையன்று. வீதியின் திசையில் இல்லாத திசைகள், அவ்வளவே.

வீதி வழியே மூன்று கிலோமீற்றரும் நீரின் குறுக்கே நான்கு கிலோமீற்றரும் எனின், அவ்விடத்தை ஒரே எண்ணாக எழுதிவிடலாம். அவ்வாறு மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் சேர்ந்த எண்ணையே இலங்கையின் உயர்தரப் பாடநூல்கள் சிக்கலெண் என்கின்றன. தமிழ்நாட்டார் கலப்பெண் என்பர். புறப்பட்ட இடத்திலிருந்து அவ்விடத்துக்கு நேர்த்தூரம் ஐந்து கிலோமீற்றர்; அதுவே அவ்வெண்ணின் மட்டு. வீதியின் திசையிலிருந்து எவ்வளவு திரும்பினால் அவ்விடம் எதிரே தோன்றும் என்பதே அதன் வீசல். ஐந்தாண்டுகள் கற்கவேண்டிய மறைபொருள் இதில் எதுவும் இல்லை.

எனினும், கலைப்பீடத்திற் பயிலும் மாணவர் பலருக்கு இவ்வெண்கள் பெயரளவில் மட்டுமே தெரிந்தவை; சிலருக்குப் பெயரும் தெரியாது. காரணம் வெளிப்படை. சிக்கலெண் உயர்தர இணைந்த கணிதத்தில் வரும் பாடம்; கலைப்பிரிவினர் அதன் வாயிலை மிதிப்பதில்லை. அவர்களுள் எத்தனை பேர் விரும்பிக் கலைப்பிரிவை மேற்கொண்டனர், எத்தனை பேர் வேறு வழியின்மையால் மேற்கொண்டனர் என்பது தனியே ஆராயத்தக்கது. ஒருத்தியின் வரலாறு இங்கு எடுத்துக்காட்டாக அமையும்.

அவள் படுவான்கரைக் கிராமமொன்றிற் பிறந்தவள். மண்முனைத் துறையிற் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை, அப்பகுதி மக்கள் பாதையில் ஏறியே அத்துறையில் நீரைக் கடந்தனர். வாகனமும் மனிதரும் ஒருங்கே ஏறிச் செல்லும் மிதவையைப் பாதை என்பது அப்பகுதி வழக்கு. மண்ணில் இல்லாத வழி நீரில் மிதந்து வந்தமையால் அப்பெயர் பொருந்திற்றுப் போலும். அவள் கற்ற பாடசாலையிற் கணித ஆசிரியரின் இடம் நெடுநாள் வெற்றிடமாகவே இருந்தது. சாதாரணதரத்திற் கணிதத்தில் ஒரு சாதாரண சித்தி கிடைத்தது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டுமெனின் அக்கரைக்குச் சென்று தங்கிப் படிக்க வேண்டும். அக்காலத்தில், அக்கரையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மாமன் மகளின் புத்தகத்தை ஒருநாள் புரட்டிய அவள் கண்ணிற் பட்ட தலைப்பு ‘சிக்கலெண்கள்’. பக்கத்தின் நடுவே ‘கற்பனைப் பகுதி’ என்ற தொடர். வீட்டிற் சிக்கல்கள் போதுமானவை இருந்தன. புத்தகத்திலும் அவற்றைத் தேடிச் செல்ல அவள் மனம் ஒப்பவில்லை. புத்தகத்தை மூடி வைத்தாள். அவள் கலைப்பிரிவுக்கு வந்தமைக்கு அவ்வொரு சொல்லே காரணம் என்று கூறுதல் மிகையாகும். ஆசிரியர் இன்மையும் பணமின்மையுமே பெரிய காரணங்கள். ஆயினும், இது நமக்குரியதன்று என்று ஒரு பிள்ளை தனக்குத் தானே சொல்லிக்கொள்வதற்கு அச்சொல் துணைநின்றது என்பதில் ஐயமில்லை.

ஆண்டுகள் சென்றபின், வந்தாறுமூலையிலே கலைப்பீடத்து மாணவியாக அவள் தன் ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் மட்டக்களப்பின் பாடும் மீன் பற்றிய மரபு. மீன்பாடும் தேன்நாடு என்று ஊரே புகழப்படுவதற்குக் காரணமான அவ்வொலியைப் பற்றி எழுத்திலுள்ள சான்றுகள் குறைவல்ல. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற், 1859 இல் வெளியிட்ட தம் நூலிலே, இரவில் வாவியிற் படகேறிச் சென்று அவ்வொலியைக் கேட்டதை விரித்துரைத்தார். ஈர விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்க எழும் மெல்லொலியை அது ஒத்தது என்றும், ஒரே நீண்ட சுரமாக அன்றிச் சிறு சிறு ஒலிகள் பலவாக இருந்தது என்றும், படகின் பலகையிற் காதை வைத்தபோது ஒலி பெருகியது என்றும் அவர் குறித்தார். அவருடன் சென்ற வலைஞர், பாடுவது மீனன்று, ஊரியே என்றனர். சுவாமி விபுலாநந்தர் அவ்வொலியைப் பொருளாக்கி ‘நீரர மகளிர்’ பற்றிய இசைப் பாடலை இயற்றினார். 1950 களிற் புனித மிக்கேல் கல்லூரியைச் சார்ந்த இயேசுசபைத் துறவியர் அவ்வொலியைப் பதிவு செய்தனர்.

இவற்றையெல்லாம் தொகுத்த அம்மாணவி, முழுநிலா இரவொன்றிற் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியிற் சென்று, கைத்தொலைபேசியைத் தோணிப் பலகையோடு சேர்த்து வைத்துச் சில நிமிட ஒலியைப் பதிந்துகொண்டாள். தோணிக்காரர், “காதாலயும் கேளு மனே, அது மட்டும் கேட்டாக் காணாது” என்றார். பதிந்த ஒலியில் என்னென்ன சுருதிகள் உள்ளன என்று அறிவதற்கு விஞ்ஞானபீடத்திற் பயின்ற அந்த மாமன் மகளையே நாடினாள். அவள் கணினியைத் திறந்து, பைதன் என்னும் மொழியில் நாலைந்து வரிகள் எழுதினாற் போதும் என்றாள். அடுத்த மூச்சில், விடை சிக்கலெண்ணாகவே வரும் என்றும் சொன்னாள். மாணவியின் முகம் மாறியதைக் கண்டு, “பயப்பிடாதகா மச்சாள், சோடியா வாற ரெண்டு எண்தான்” என்று சிரித்தாள்.

பைதன், கீடோ வான் ரொசம் என்னும் ஒல்லாந்தர் 1991 இல் வெளியிட்ட மொழி. ஸ்கிரிப்ட் மொழிகள் எனப்படும் வகையைச் சார்ந்தது. ஒரு வரியைத் தட்டினால் அவ்வரி அப்போதே நிறைவேற்றப்பட்டு விடை திரையில் தோன்றும். செய்நிரல் முழுவதையும் முதலிலே தொகுத்தாக வேண்டிய கட்டாயமில்லை. 1996 இல் வந்த அதன் 1.4 ஆம் பதிப்பிலிருந்து சிக்கலெண்கள் அம்மொழியின் இயல்பான எண்வகைகளுள் ஒன்றாக உள்ளன. குறியீடு ‘ஐ’ அன்று. ஆங்கில நெடுங்கணக்கின் பத்தாம் எழுத்தாகிய ‘ஜே’. மின்பொறியியலார் ‘ஐ’ என்பதை மின்னோட்டத்துக்கு ஒதுக்கிவிட்டமையால் ‘ஜே’யைக் கொண்டனர், பைதனும் அவர்கள் வழியையே பின்பற்றிற்று. எண்ணோடு ஒட்டாமல் எழுத்தை மட்டும் தனியே எழுதினால், அது ஏதோ ஒரு பெயர் என்று கருதி, அப்பெயரை அறியேன் என்று பொறி கூறிவிடும். ஆதலால் ‘1ஜே’ என்றே எழுதல் வேண்டும்.

அம்மாணவி முதலிற் செய்து பார்த்தது மறை ஒன்றின் வர்க்கமூலம். சாதாரண எண்களுக்கான ‘மாத்’ என்னும் தொகுதியிடம் கேட்டபோது அது பிழையெனக் கூறி நின்றது. சிக்கலெண்களுக்கான ‘சீமாத்’ என்னும் தொகுதியிடம் அதே வினாவைக் கேட்டாள். தயக்கமின்றி ‘1ஜே’ என்று விடை வந்தது. மகாவீரர் கூற்றும் பொம்பெல்லி துணிவும் ஒரே பொறியினுள் இரு தொகுதிகளாக அருகருகே இருப்பதை அங்கே காணலாம். எந்த வீதியில் நின்று வினவுகின்றோம் என்பதைப் பொறுத்தே விடை அமைகின்றது. பின்னர் ‘1ஜே’யை ‘1ஜே’யாற் பெருக்கினாள், மறை ஒன்று வந்தது. இரண்டும் ‘1ஜே’யும் கூடிய எண்ணை மும்முறை தன்னோடு பெருக்கினாள், இரண்டும் ‘11ஜே’யும் வந்தன. பொம்பெல்லி தாளில் உழன்று கண்டது அதுவே. மூன்றும் ‘4ஜே’யும் கூடிய எண்ணின் மட்டைக் கேட்டாள், ஐந்து என்றது. இரு சிக்கலெண்களுள் எது பெரியது என்று கேட்டபோது மட்டும், அவ்வாறு ஒப்பிட இயலாது எனப் பொறி மறுத்தது. அம்மறுப்பு நியாயமானது. வீதியில் உள்ள ஊர்களுள் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லலாம். கரைக்கு அப்பாலுள்ள ஊர்களையும் சேர்த்து அவ்வாறு ஒரே வரிசையில் நிறுத்தினால், பெருக்கலோடு அவ்வரிசை முரண்படும்.

இன்னொன்றும் அவள் கண்டாள். அரைச் சுற்றுத் திருப்புமாறு அடுக்குக்குறியின் வழியே கேட்டபோது, மறை ஒன்றோடு, புள்ளிக்குப் பின் பதினைந்து சுழியங்களைத் தொடர்ந்து வரும் மிகச் சிறிய கற்பனைப் பகுதியும் ஒட்டிக்கொண்டு வந்தது. வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதத்தைப் பொறி முடிவற்ற இலக்கங்களோடு வைத்திருக்க முடியாது. எங்கோ வெட்டியாக வேண்டும். வெட்டிய அத்துணுக்கே விடையின் ஓரத்தில் தலைகாட்டுகின்றது. பொறி சொல்வதெல்லாம் முற்ற முடிந்த உண்மை என்று மயங்குவோர் இத்துணுக்கை ஒருமுறை காண்பது நன்று.

இனி, ஒலியை ஆராயும் முறையைப் பார்ப்போம். கைத்தொலைபேசி ஒலியை எண்களாகவே சேமிக்கின்றது. விநாடிக்கு 44,100 எண்கள் என்பது பெருவழக்கு. ஒரு நிமிட ஒலி 2,646,000 எண்களின் நீண்ட வரிசையாகும். அவ்வரிசையில், விநாடிக்கு இருநூறு அதிர்வுகள் கொண்ட சுருதி உள்ளதா, இல்லையா என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு விடை, பிரான்சியரான பூரியே 1822 இல் வெப்பம் பற்றி எழுதிய நூலின் வழிவந்தது. மட்டக்களப்பார்க்கு அதனை வசந்தன் கூத்தைக் கொண்டு விளக்கலாம்.

ஆடுவோர் வட்டமாகச் சுற்றி வருகின்றனர்; மத்தளம் ஒலிக்கின்றது. மத்தளத்தில் ஓர் அடி விழும்தோறும், முன்னீடாக ஆடுபவர் அவ்வேளை எந்த இடத்தில் உள்ளாரோ அந்த இடத்தில் ஒருவர் ஒரு கல்லை வைப்பதாகக் கொள்க. சுற்றின் வேகமும் அடியின் வேகமும் ஒத்திருந்தால், கற்கள் யாவும் வட்டத்தின் ஒரே பக்கத்திற் குவியும். ஒவ்வாதிருந்தால் வட்டம் முழுவதும் பரந்து விழுந்து, ஒரு பக்கத்துக் கல்லை எதிர்ப்பக்கத்துக் கல் ஈடுசெய்துவிடும். குவியல் உண்டெனின் அச்சுருதி ஒலியில் உண்டு. குவியல் இல்லையெனின் இல்லை. செய்நிரலின் அந்த நாலைந்து வரிகள் செய்வதும் இதுவே. ஒவ்வோர் ஒலியெண்ணையும், வட்டத்திற் சுற்றிவரும் ஒரு சிக்கலெண்ணாற் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகின்றன. குவியல் எவ்வளவு பெரியது என்பது விடையின் மட்டு. எந்தப் பக்கத்திற் குவிந்தது என்பது விடையின் வீசல். ஆட்டக்களத்தில் ஒரு குவியலின் இடத்தைச் சொல்ல இரு திசையளவுகள் வேண்டும். ஓர் எண் போதாது. விடை சிக்கலெண்ணாக வருவதன் காரணம் அதுவேயன்றி வேறன்று.

ஒரு விநாடி ஒலியின் எல்லாச் சுருதிகளையும் இவ்வாறு ஒவ்வொன்றாகத் தேடினால் ஏறக்குறைய 194 கோடிப் பெருக்கல்கள் வேண்டும். கூலி, தூக்கி என்னும் இருவர் 1965 இல் வெளியிட்ட விரைவுமுறை அவ்வேலையைச் சில இலட்சங்களாகச் சுருக்குகின்றது. பைதனில் அதற்கென ஆயத்தமான தொகுதிகளும் உண்டு. எனினும் அம்மாணவி முதலில் நீண்ட வழியிலேயே சென்றாள். நடப்பது இன்னதென்று கண்ணாற் காண அதுவே ஏற்றதாயிற்று.

விடைகள் திரையில் நிரம்பியபோது, அவள் மனத்தில் இயல்பாக எழுந்த எண்ணம், மெய்ப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு கற்பனைப் பகுதியை நீக்கிவிடலாம் என்பது. மெய் இருக்கக் கற்பனை எதற்கு? மச்சாள் அதனை மறுத்துரைக்கவில்லை. செய்து பார்க்குமாறு விட்டாள். பரீட்சைக்காக, ஒரே சுருதி மட்டும் கொண்ட ஒலியொன்றைச் செய்நிரலாலேயே ஆக்கி, அதனை ஆராய்ந்தார்கள். மெய்ப்பகுதி ஏறக்குறையச் சுழியமாக வந்தது. அச்சுருதி இல்லை என்றே அது சொல்லிற்று. ஆயினும் காது அதனைத் தெளிவாகக் கேட்டது. கற்பனைப் பகுதியைப் பார்த்தபோதுதான் குவியல் முழுவதும் அங்கே இருப்பது தெரிந்தது. ஒலி காற் சுற்றுப் பிந்தித் தொடங்கியிருந்தது. அதனாற் கற்கள் யாவும் பக்கத் திசையிற் குவிந்தன. மெய்யெனப் பெயர்பெற்ற பகுதியை மட்டும் நம்பியவர், முழங்கும் சுரத்தை மௌனம் என்று எழுதிவிடுவர்.

அம்மாணவியைத் தொட்டது இவ்விடமே. கற்பனை என்று பெயரிட்டு ஒதுக்கத் துணிந்த பகுதியிலே ஓசை முழுவதும் இருந்தது. வாவியிற் பதிந்த ஒலியைப் பின்னர் ஆராய்ந்தபோது, பாலத்தில் ஓடிய வாகனங்களின் உறுமல் தாழ்ந்த சுருதிகளில் மலைபோல நின்றது; அதற்கு மேலே சிறு சிறு மேடுகள் சில தோன்றின. அவை மீனின் குரலோ, ஊரியின் ஒலியோ, தவளையோ, தோணியின் மரமோ என்று பொறி சொல்லவில்லை. சொல்லும் பொறுப்பும் அதற்கில்லை. தோணிக்காரர் சொன்னவாறு காதும் வேண்டும். மரபறிந்த மக்களின் சொல்லும் வேண்டும். ஆனால் மீன் பாடிற்றா என்ற வினாவினும் பெரிய வினா ஒன்றுக்கு அவளுக்கு விடை கிடைத்திருந்தது. தனக்குரியதன்று என்று பல்லாண்டு ஒதுக்கிவைத்த ஒன்று, ஒரு பிற்பகலிற் பிடிபடக்கூடியதாகவே என்றும் இருந்திருக்கின்றது என்பதே அது. அவ்விடையில் மகிழ்ச்சியும் இருந்தது. இழந்த ஆண்டுகளை எண்ணிய சினமும் இருந்தது.

அச்சினத்தை யார்மேற் கொள்வது? சொல்மேல் மட்டும் கொள்வது பொருந்தாது. எனினும் சொல்லை ஆராய்வது தமிழ் கற்போரின் கடமை. ‘கற்பனை’ என்பது தேக்கார்த்தின் சொல்லைத் தமிழாக்கியதால் வந்தது. அவர் ஐயத்தையும் தமிழ் உடன் ஏற்றுக்கொண்டது. ‘சிக்கல்’ என்னும் சொல்லோ இன்னும் நுட்பமானது. காவுசு வழங்கிய இலத்தீன் சொல்லுக்கு ஒருங்கே பிணைக்கப்பட்டது என்பதே பொருள். அதன்வழி வந்த ஆங்கிலச் சொல்லில், உறுப்புகள் கூடியது என்ற பொருளும், விளங்குதற்கு அரியது என்ற பொருளும் கலந்து நிற்கின்றன. தமிழ்நாட்டார் முன்னையதை நோக்கிக் கலப்பெண் என்றனர். இலங்கைச் சொல்லோ பின்னையதை நோக்கிச் சிக்கலெண் ஆயிற்று. வலைஞர்க்குச் சிக்கல் என்பது வலையில் விழுந்த முடிச்சு. அவிழ்க்க வேண்டிய துன்பம். கலப்போ அத்தகையதன்று. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் களப்பின் கரையில் வாழ்வோர்க்குக் கலப்பு என்பது மீனும் இறாலும் தரும் வளம். ஒரே எண்ணுக்கு இரு நாட்டுப் பிள்ளைகள் இருவேறு முகத்தோடு அறிமுகமாகின்றனர்.

கலைச்சொல்லாக்கம் அறிவியலார்க்கு மட்டும் உரிய பணியன்று என்பதற்குக் களப்பின் கரையிலேயே சான்று உண்டு. 1892 இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவர். அவரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1936 இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1947 இல் வெளிவந்த அவரது யாழ் நூல், பழந்தமிழ் இலக்கியத்தையும் நரம்பின் நீளத்தையும் சுருதியின் விகிதத்தையும் ஒருங்கே கணக்கிட்டு எழுந்தது. கலை, விஞ்ஞானம் என்ற இரு பீடங்களும் அவருக்கு ஒரே வாவியின் இரு கரைகளாகவே இருந்தன. இடையே உள்ள நீரை அவர் அஞ்சியவரல்லர்.

நிலைத்துவிட்ட சொற்களை இன்று மாற்றுவது எளிதன்று. மாற்றியே தீரவேண்டும் என்பதும் இல்லை. பரீட்சைத்தாளிற் சிக்கலெண் என்று இருப்பதனால் எவரும் தோல்வியுறுவதில்லை. ஆனால் அச்சொல் எங்கிருந்து வந்தது, யாருடைய ஐயத்தைச் சுமந்து வந்தது, காவுசு அதற்கு என்ன மாற்றுரைத்தார் என்பவற்றை முதல் வகுப்பிலேயே ஆசிரியர் ஒரு சில நிமிடங்களிற் கூறிவிடலாம். கணினியில் ‘1ஜே’யை ‘1ஜே’யாற் பெருக்கிக் காட்டிவிடலாம். கல்லும் வட்டமும் வரைந்து காட்டிவிடலாம். ஆசிரியரே இல்லாத பாடசாலைகளுக்கு முதலில் ஆசிரியர் செல்லவேண்டும். அதற்கு ஈடாக எந்தச் செய்நிரலும் நில்லாது. அவ்விரண்டும் நடந்தால், புத்தகத்தைப் புரட்டும் பிள்ளை தலைப்பைக் கண்ட அளவிலேயே அதனை மூடிவைக்க நேராது.

அம்மாணவியின் ஆய்வுக் கட்டுரையில், ஒலியாராய்ச்சி பற்றிய பகுதி நான்கு பக்கங்களே. அப்பகுதியில் ஓரிடத்திலும் அவள் ‘கற்பனைப் பகுதி’ என்று எழுதவில்லை. காவுசைத் தழுவிப் ‘பக்கப் பகுதி’ என்றே எழுதி, ஏன் அவ்வாறு எழுதினாள் என்பதற்கு ஒரு பந்தியில் காரணமும் கூறியுள்ளாள்.